ஏறிய மீனே ஏறுகிறது

மூக்கு முதலில், பிறகு கண், பிறகு மற்றதெல்லாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்த மீனும் இந்த வரிசையில்தான் வந்து சேர்கிறது, இதோ ஒரு சினூக் சால்மன், நன்றாக வளர்ந்தது, முதுகிலும் வாலிலும் கரும்புள்ளி, சந்தேகமில்லை, விசையை அழுத்தியாயிற்று, அடுத்தது வரட்டும். அடுத்தது சால்மன் இல்லை, ஷாட், கிழக்குக் கடற்கரையிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டுப் பெருத்துப்போன இனம், நம்மூர் உல்ல மீனுக்குச் சித்தப்பா மகன் முறை, அதற்கு வேறு விசை. நான் உட்கார்ந்திருக்கும் அறை ரேஷன் கடை அளவு இருக்கும், அணையின் இடுப்புக்குள் பொதித்து வைத்தது, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் பச்சைத் தண்ணீர். அணையைத் தாண்டுவதற்காக மீன்களுக்குச் சிமெண்டில் படிக்கட்டு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மீன் ஏணி என்று பெயர், அதன் மேல்படிகளுக்குப் பக்கத்தில் இந்த ஜன்னல். கடலிலிருந்து முட்டையிட ஏறி வருகிறவை எல்லாம் இதைக் கடந்துதான் போக வேண்டும், கடக்கும்போது எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான், அறவாழி, முன்பு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர், இப்போது வாஷிங்டன் மாநிலத்துக் கோதுமைக் காட்டு நடுவே ஹார்கின்ஸ் அணையில் மீன் எண்ணுகிறவன். இது எனக்கு இறக்கம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இறக்கமெல்லாம் இல்லை, சினூக்குக்கு இங்கே ராஜா சால்மன் என்று இன்னொரு பெயர் உண்டு, அன்றும் ராஜாக்களின் வரிசை, இன்றும் ராஜாக்களின் வரிசை, வித்தியாசம் என்னவென்றால் இந்த ராஜாக்கள் உண்மையிலேயே எதையோ கடந்து போகிறார்கள். இதோ இன்னொன்று, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைத்துண்டு போல ஒரு சின்னத் துடுப்பு இருக்கிறதா பார், இருக்கிறது, அப்படியானால் ஆற்றில் பிறந்தது, பண்ணையில் பொரித்த குஞ்சுகளுக்கு அதை நறுக்கிவிட்டுத்தான் விடுவார்கள். அதற்குப் பெயர் கொழுப்புத் துடுப்பு. இதை நாகஜோதியிடம் விளக்கியபோது, "ஒங்களுக்கு மட்டும் நறுக்காம விட்டுட்டாங்க" என்றாள்.

நாகஜோதி என் மனைவி, இந்த நேரத்தில் என் தலைக்கு மேலே எங்கோ மின்நிலையத்தில் சுழலிகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள், அவள் இந்த அணையின் பொறியாளர், அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் நாங்கள் இங்கே வந்தோம், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இன்று மாலை ஊர் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் கூட்டம், கேள்வி ஒன்றுதான், ஹார்கின்ஸ் அணையை இடிப்பதா வைத்துக்கொள்வதா, யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். இடிக்க வேண்டும் என்று பேச நான் பெயர் கொடுத்திருக்கிறேன். நாகஜோதியிடம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அது சொல்லவில்லை என்றுதான் வருகிறது. ஷாட், ஷாட், சினூக், ஷாட். அவள் கம்பம் பக்கத்துப் பெண், அங்கே முல்லைப் பெரியாற்றில் அணை கட்டிய வெள்ளைக்காரரின் படம் சாமி படங்களுக்கு நடுவே மாலையோடு தொங்கும், தைப்பொங்கலுக்கு அவருக்கென்று தனிப் பானை வைப்பார்கள், பிறக்கிற பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பார்கள், என் மைத்துனனே ஒரு பென்னிகுயிக். அந்த வீட்டில் அணையை இடிப்பது என்று ஒரு பேச்சை எடுத்தால் எழவு விழுந்ததுபோல அடுப்பை அணைத்துவிடுவார்கள். நான் காவிரியின் கடைமடைக்காரன், மேலே எவனோ மனது வைத்துக் கதவைத் திறந்தால்தான் எங்களுக்கு ஆறு என்று ஒன்று உண்டு, அணை என்றதும் அவளுக்கு நன்றி வரும், எனக்குக் காத்திருந்தது நினைவு வரும். இருந்தாலும் நானும் கல்லணையைக் காட்டிப் பெருமை பேசியவன்தான், இன்றைய பேச்சுக்கூட அங்கேதான் தொடங்குகிறது, மதிப்பிற்குரிய அவையோரே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என் நாட்டில் ஒரு சோழ மன்னன், இதில் ஏறத்தாழ என்ற சொல் அவசியம், காலக்கணிப்பில் கருத்து வேறுபாடு உண்டு, அதை எடுத்துவிட்டால் பொய், வைத்தால் இரண்டு நிமிடத்தில் கொஞ்சம் போய்விடும். அதோடு, அணை கட்டியதைக் கொண்டாடும் ஊர்க்காரன் எங்கள் அணையை இடிக்கச் சொல்ல வந்திருக்கிறானே என்று அரங்கில் ஒருவர் கேட்டால். கேட்கட்டும், பதில் இருக்கிறது, ஆனால் பதிலும் நீளம். அரங்கைப் பற்றி எனக்குப் பயமில்லை, காலை எட்டு மணி வகுப்பில் தூங்கும் மாணவர்களுக்கு நிலவரி முறை நடத்தியவனுக்கு எந்த அரங்கும் பயமில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, நீலச் சட்டை போட்ட மின்நிலைய ஆட்களுக்கு நடுவே, ஒரு முகம் நிமிர்ந்து என்னைப் பார்க்கும், அதுதான்.

ஆனால் அந்த முகம்தான் முதலில் பார்த்தது, நான் இல்லை, இதையும் சொல்லியாக வேண்டும். போன மாதம் விடுமுறையில் தீவுகளுக்குப் போகும் படகில் இருந்தோம், ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எல்லாரும் ஒரு பக்கமாக ஓடினார்கள், ஓர்கா. பக்கத்தில் நின்றவர் கொலைகாரத் திமிங்கிலம் என்றார், நான் அவரைத் திருத்தினேன், இது திமிங்கிலமே இல்லை, ஓங்கில், அதாவது டால்பின், குடும்பத்தில் பெரிய உருப்படி என்று, திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அது மேலே வந்து மூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது முறை வந்தபோது வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கறுப்பு முதுகு, ஆள் உயரத்துக்கு ஒரு துடுப்பு, தலைக்குப் பின்னால் யாரோ விரலால் அழுத்தியதுபோல ஒரு பள்ளம். எனக்கு அது அழகான வளைவாகத்தான் பட்டது. நாகஜோதி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு வயித்துக்கு இல்லைங்க" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "கழுத்தப் பாருங்க. மழ இல்லாத வருசம் எங்க மாட்டுக்கு இடுப்பெலும்புக்கு முன்னாடி இப்படித்தான் குழி விழும். எடம்தான் வேற, குழி அதே குழிதான்." அவள் சொன்னது சரி, அப்புறம் தேடிப் படித்தேன், பட்டினியில் அந்த இடத்துக் கொழுப்பு கரைந்துதான் கழுத்து உள்வாங்குகிறது. அந்தக் கூட்டம் உண்பது பெரும்பாலும் சினூக். அதே கடலில் சீல்களை அடித்துத் தின்கிற வேறு ஓர்காக்கள் கொழுத்துத் திரிகின்றன, இவை சீலைத் தொடுவதில்லை, தாய் ஊட்டிய பழக்கத்தை விடாத ஆசாரக் குடும்பம், பக்கத்து இலையில் விருந்து நடந்தாலும் தன் இலையில் விழுவதுதான் சாப்பாடு என்று காத்திருக்கின்றன. அந்த இலையில் விழ வேண்டியது என்னைத் தாண்டிப் போய் முட்டையிட வேண்டும், குஞ்சுகள் என்னைத் தாண்டிக் கடலுக்கு வர வேண்டும், நடுவே சுவர். அன்று படகில் வாங்கிய சால்மன் ரொட்டியை நாகஜோதி பிரிக்கவே இல்லை, திரும்பி வரும் வழி முழுக்க அது அவள் மடியில் காகிதத்தோடு இருந்தது. அன்றே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

மதிப்பிற்குரிய அவையோரே, ஏறத்தாழ. ஷாட், ஷாட். இரு. மூக்கு, கண், இடது செவுளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வடு, அரிவாள் வளைவில், கடல்சிங்கத்தின் பல் பட்ட இடம், வளைவு முடிகிற இடத்தில் சதை சுருண்டு ஒரு முடிச்சு. இதை எனக்குத் தெரியும். நேற்றும் இது போயிற்று. திங்கட்கிழமையும் போயிற்று, அன்றைக்கு இந்த முடிச்சைப் பார்த்து என் பெரியப்பாவின் காது என்று நினைத்தேன், ஒருவன் தன் பெரியப்பாவின் காதை இரண்டு முறை தவறாக அடையாளம் காண முடியாது. போன மீன் எப்படி மறுபடி போகிறது. திரும்பி வந்தால்தானே. படிக்கட்டு வழியாக இறங்கியிருந்தால் எங்களில் யாராவது பார்த்துக் கணக்கிலிருந்து கழித்திருப்போம், அதற்கென்று ஒரு விசை இருக்கிறது, ஆனால் அது அந்த வழியாக இறங்கவில்லை. மேலே போனால் ஆறு இல்லை, ஏரி, அசையாத தண்ணீர், ஜூலை வெயிலில் சூடேறிய தண்ணீர், எந்தப் பக்கம் மேல் எந்தப் பக்கம் கீழ் என்று சொல்ல நீரோட்டம் இல்லை. ஓட்டத்தை எதிர்த்துத்தான் அதற்குத் திசை தெரியும், எதிர்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் அது கோயிலில் தொலைந்த பிள்ளைபோலச் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது, அங்கே அணையின் மிகைநீர் கலிங்கு வழியே கீழே விழுகிறது, ஓட்டம் கிடைத்ததே என்று போய் விழுகிறது. விழுந்து, பிழைத்து, மறுபடி படியைத் தேடி, மறுபடி ஏறி, என் முன்னால். கலிங்குக்குக் கண்ணாடி இல்லை, எண்ணுவதற்கு ஆளும் இல்லை. ஏறியதை மட்டும் நாங்கள் பார்க்கிறோம், விழுந்ததை யாரும் பார்ப்பதில்லை, ஆகவே இந்த ஒரு மீன் என் கணக்கில் மூன்று மீன். விரல் விசைக்கு மேலே நிற்கிறது. கடக்கிற ஒவ்வொன்றையும் எண்ணு, அதுதான் எங்கள் விதி, பெரியப்பா காதுக்கு அதில் விலக்கு கிடையாது. அழுத்திவிட்டேன். அறிவியல் ஆட்களுக்கு இது தெரியும், நியாயமாகச் சொல்ல வேண்டும், சில மீன்களுக்குள் சில்லு வைத்துப் பார்த்துத் திருத்தம் போடுகிறார்கள், அந்தத் திருத்தம் அவர்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஊரில் ஒட்டியிருக்கிற சுவரொட்டியில் இருப்பது திருத்தாத எண், என் எண், கொட்டை எழுத்தில், மீன் பெருகுகிறது, அணை ஏன் போக வேண்டும் என்று. பொய் சொன்னவன் யாருமில்லை, ஆனால் பொய் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதற்குக் கீழே கையெழுத்து இல்லாவிட்டாலும் அது என் விரல். ஒரு மீனை வைத்து ஒரு அணையை எடைபோடலாமா என்று உள்ளிருந்து ஒரு குரல், புள்ளியியல் அறிந்த குரல், எரிச்சலூட்டும் குரல், கொஞ்சம் என் குரல் மாதிரியே இருக்கிறது. கூடாதுதான். ஆனால் வரலாற்றுக்காரனுக்கு ஒரு கல்வெட்டு போதும், இரண்டாவது கிடைத்தால்தான் சண்டை வரும். பேசத்தான் போகிறேன். காலையில் பேசலாம் என்று இருந்தேன், இப்போது பேசாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

இடைவேளை, மாற்றாள் டார்லீன் வந்து நாற்காலியை வாங்கிக்கொண்டாள், "ஆரா, உன் கண் சிவந்திருக்கிறது, மேலே போய் மரம் எதையாவது பார்" என்றாள். மேலே மரம் இல்லை, வெயிலும் மஞ்சள் மலைகளும் கலிங்கின் இரைச்சலும், இரைச்சலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் நாகஜோதி, நீலச் சட்டை, மடியில் டப்பா. அவள் இந்த நேரத்தில் இறங்கி வருகிற வழக்கம் இல்லை. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும். "சாப்பிடுங்க" என்றாள். நீ சாப்பிடவில்லையா என்றேன். "எனக்கு எறங்கல. பள்ளிக்கூடக் கதவுல பேசுறவுக பேரெல்லாம் ஒட்டியிருக்காங்களாம். எங்க ஷிப்ட்ல அத்தன பேரும் பாத்துட்டாங்க, நாந்தான் கடைசி." டப்பாவைப் பெஞ்சில் வைத்தேன். "சொல்லணும்னுதான் இருந்தேன் ஜோதி." "எப்ப, இடிச்சு முடிச்ச பெறகா?" நான் கல்லணையைப் பற்றியும் கம்பத்தைப் பற்றியும் ஏதோ தொடங்கினேன், அவள் கையை நீட்டி நிறுத்தினாள். "கம்பத்துக் கதை எனக்குச் சொல்லாதீங்க. அது சோறு போடக் கட்டுனது. இது கோதுமப் படகு போகவும் கொஞ்சம் கரண்டுக்கும் கட்டுனது, படகுல போறத ரயில்ல ஏத்தலாம், கரண்ட்டு வேற எதுலயும் எடுக்கலாம், எனக்குத் தெரியாதா? கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், ஒங்களுக்கு முன்னாடியே. ஆனா இது என் கையில ஓடுதுங்க. காலையில போயி மிஷின் மேல கை வச்சா அதுக்கு இன்னிக்கு மனசு சரியில்லன்னு சொல்லிருவேன். ஊர்ல எவனும் பொம்பளப் பிள்ளய அணைக்குள்ள விடமாட்டான், இங்க சாவியக் கையில குடுத்திருக்காங்க." நான் மீனைப் பற்றிச் சொன்னேன், வடு, முடிச்சு, பெரியப்பா காது, திங்கள், நேற்று, இன்று. அவள் சிரிக்கவில்லை. கலிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "திங்கக்கெழம சாயங்காலம் நாலாவது கதவத் தெறந்தோம்" என்றாள். "நேத்தும் அதே கதவுதான்." அப்படியானால் விழுந்திருக்கும் என்றேன். "விழாம? அதுல லாரி போனாலே விழுந்துரும்." இதை நான் சொல்லலாமா என்றேன். "கதவு தெறக்குற நேரம் என்ன ரகசியமா? வாசல்ல பலகையில எழுதித்தான போடுறோம். சொல்லுங்க." பிறகு, "என்னன்னு ஆரம்பிக்கப் போறீங்க?" சொல்லிக் காட்டினேன், அவையோரிலிருந்து சோழ மன்னன் வரை. "அந்த ராசா குதிரைய விட்டு எறங்குறதுக்குள்ள மணி அடிச்சிருவாங்க" என்றாள். டப்பாவை மூடினாள். "நான் எங்க ஆளுகளோடதான் ஒக்காருவேன்." சரி என்றேன். "கை தட்டமாட்டேன்." தட்ட வேண்டாம் என்றேன். "நானும் பேரு குடுத்துட்டேன். ஒங்களுக்கு அடுத்த பேரு." எதற்கு என்றேன், கேட்ட உடனே அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது. "எதுக்கா? இடிக்கக் கூடாதுன்னுதான். ஒங்க பேரு ஒட்டியிருக்குன்னு கேட்டதும் நேராப் போயிக் குடுத்துட்டு வந்தேன்." எழுந்தாள், இரண்டடி போய்த் திரும்பினாள். "மீன் கணக்க எடுக்கமாட்டேன். இப்ப வரைக்கும் அதத்தான் மொதல்ல சொல்றதா இருந்தேன், எங்க ஆளுக எழுதியே குடுத்துட்டாங்க. இனி அத எப்படிச் சொல்றது. வேலையப் பத்தித்தான் பேசணும்." அவள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன், நான் அவள் கையிலிருந்து ஒரு ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டேன், அவளே எடுத்துக் கொடுத்தாள், இது எந்தச் சண்டைக்கும் பொருந்தாத விதி.

மறுபடி கண்ணாடி. ஒரு விலாங்கு மாதிரி நீண்டது, லாம்ப்ரே, தாடையே இல்லாத வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு ஓய்வெடுக்கிறது, வட்டமாய்ப் பற்கள், எனக்கு முத்தம் கொடுப்பதுபோல, எண்ணலாமா கூடாதா என்றால் அது நகர்ந்து போனால்தான் எண்ண வேண்டும், ஒட்டிக்கொண்டிருப்பது கணக்கில்லை. நகரட்டும். இடித்தால் அவள் வேலை போகும், வேறு அணைக்குப் போவாள், அல்லது இடிக்கிற வேலைக்கே ஆள் வேண்டும், ஒரு அணையை எந்தப் பக்கமிருந்து பிரித்தால் ஆறு ஊரை அடிக்காமல் இறங்கும் என்பது அதைத் தொட்டு ஓட்டியவளுக்குத்தான் தெரியும், இதை இன்று அவளிடம் சொன்னால் டப்பாவால் அடிப்பாள், சொல்ல மாட்டேன், ஒரு வாரம் கழித்தும் சொல்ல மாட்டேன், அவளே கண்டுபிடிப்பாள், அப்போது ஆமாம் என்பேன். இடிக்காமலும் போகலாம். எங்கள் இரண்டு நிமிடத்துக்காக எந்த அரசும் எதையும் இடித்ததில்லை, வரலாறு படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா. தெரியும். தெரிந்துகொண்டேதான் போகிறேன். கடலில் ஒன்று கழுத்தில் பள்ளத்தோடு தன் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இங்கே ஒன்று வந்த படியிலேயே வந்துகொண்டிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எண்ணிக்கை தெரிந்த ஒரே ஆள் கூச்சப்பட்டு வீட்டில் உட்கார்ந்தால் அதற்கு எந்த மொழியிலும் நல்ல பெயர் இல்லை. நீலச் சட்டைகள் கூச்சல் போடலாம். அடுத்த வாரம் கடையில் யாரும் வணக்கம் சொல்லாமல் போகலாம். இந்த வேலையும் போகலாம், சீசன் முடிந்ததும் மறுபடி கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதானே, எனக்குக் கல்லூரி நிர்வாகங்கள் நிறையப் பழக்கம். ஷாட், சினூக், சினூக், அழகான சினூக், கொழுப்போடு. லாம்ப்ரே வாயை எடுத்துவிட்டு மேலே போயிற்று, எண்ணினேன்.

டார்லீன் கடைசி மணிநேரத்துக்கு வந்தபோது, "எங்களில் ஒருவன் பேசப் போகிறான் என்று கேள்விப்பட்டேன், சீருடை மேலங்கியைக் கழற்றிவிட்டுப் போ, அதைப் போட்டுக்கொண்டு பேசினால் என் தலை உருளும்" என்றாள், பிறகு, "நன்றாகப் பேசு" என்றாள். மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டு ஏறினேன். நாகஜோதி காரில் உட்கார்ந்திருந்தாள், எங்களுக்கு ஒரே கார், எதிர்க்கட்சிகள் ஒன்றாகத்தான் போக வேண்டும். கோதுமைக் காட்டு நடுவே சாலை, ஜன்னலில் சூடான வைக்கோல் வாசம். "சொல்லுங்க, கேப்போம்" என்றாள். மதிப்பிற்குரிய அவையோரே என்றேன். "நீளம்." அன்புள்ள நண்பர்களே, மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில். "நீளம்." என் பெயர் அறவாழி, நான் ஒரு வரலாற்று. "ஒங்க வரலாறு யாருக்கு வேணும்?" ஒரு கோதுமை லாரி தாண்டிப் போயிற்று. பிறகு சொன்னேன், "நான் உங்கள் அணையில் மீன் எண்ணுகிறவன். நான் எண்ணிக் கொடுத்த கணக்கு தப்பு."

நீளம் என்று சொல்வாள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. பள்ளிக்கூடத் திருப்பத்தில் விளக்கைப் போட்டாள், திரும்பினாள், நீலச் சட்டைகள் நின்றுகொண்டிருந்த வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள், சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இரண்டு கையையும் சக்கரத்திலேயே வைத்திருந்தாள்.

"இதுக்கு அடுத்து எந்திரிச்சு நான் என்னத்தப் பேசுறது?" என்றாள். நான் யோசித்து ஏதாவது சொல்வதற்குள் அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். "பேசுவேன். நீங்க மொதல்ல போங்க."

இறங்கிப் போனேன்.